ஒற்றைப்படை

வெளியே நடுராத்திரியிலும் முப்பத்தொன்பது டிகிரி.
உள்ளே, தங்கமுலாம் தட்டுகளின் அடுக்குக்கு அடியில்
பூஜ்யத்துக்கு மேலே ஒரு டிகிரியில் நூறில் இரண்டு பங்கு.
ஷார்ஜாவிலேயே குளிர்ந்த இடம் என் பொறுப்பில் இருக்கிறது
என்று பெருமையடிக்கலாம்.
வியாழன் இரவு. கேட்க ஆளில்லை.

கம்பி, தலைமுடியை ஆயிரமாய்க் கிழித்தால் வரும் பருமன்.
அலுமினியம் போர்த்தியிருக்கிறது.
அதற்குள் எலெக்ட்ரான்கள்
ஜோடியாகத்தான் போக வேண்டும், ஜோடியாகத்தான் வர வேண்டும்.
திரையில் முகடுகள் அந்தக் கணக்கில் எழுந்துகொண்டிருந்தன.
ஒன்றரை மணிக்கு
இரண்டு முகடுகளுக்கு நடுவே கூப்பிடாத ஒன்று.

"வந்துவிட்டான்" என்றாள் மஹ்னாஸ்.
நோட்டில் அவள் எழுதும் சொல்: நஞ்சேற்றம்.
அவன் முழு எலெக்ட்ரான்கூட இல்லையாம்.
கொஞ்சம் எலெக்ட்ரான்,
கொஞ்சம் எலெக்ட்ரான் இல்லாத இடம்.
ஒருவன் நுழைந்தால் போதும்,
இரட்டைப்படை ஒற்றைப்படை ஆகிவிடும்,
கம்பியின் இரு முனையும் சேர்ந்து காத்த ரகசியம் போயிற்று.

"இந்தக் குளிரில், கணக்குப்படி,
தனியாள் ஒருவன்கூட இருக்கக் கூடாது."

ரோலாவில் எங்கள் கட்டடத்திலும் கணக்குப்படி இல்லை.
வாசலில் 'குடும்பங்களுக்கு மட்டும்'.
மூன்றாம் மாடியில் பதினொரு பேர் தூங்குகிறோம்.
கல்யாணமாகி ஒன்பது வருடம் எனக்கு;
இந்த ஊர் வாடகைப் பேச்சில் பேச்சுலர்.

எங்கிருந்து வருகிறான் என்று மூன்று வாரம் தேடினோம்.
கேபிள் வழியே இறங்கும் சூடா,
மூடி இடுக்கில் கசியும் வெளிச்சமா,
கான்கிரீட்டைத் துளைத்து வானத்திலிருந்து விழுவதா.
உறையின் உட்புறம் முழுக்கக் கறுப்புப் பூசினேன்.
சிப்பின் ஓரம், ஜோடி சேரத் தெரியாத
ஒரு துண்டுத் தங்கம் வைத்தார்கள்:
அலைகிறவன் அதில் விழுந்து அடங்கிப்போவான். பெயர் பொறி.
நுண்ணோக்கியில் பார்த்தேன்.
நீளமும் அகலமும் என் கட்டில் போலவே.
மஹ்னாஸிடம் சொல்லவில்லை.

நொடிக்கு நூறு தடவை வந்தவன்
இப்போது நிமிடத்துக்கு ஒரு தடவை வருகிறான்.
அவளுக்கு அது போதவில்லை.
எனக்கு, ஏன் பொய் சொல்ல வேண்டும்,
அந்த ஒன்று எழும்போது
நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.
4.10. 4.11. நேரம் குறித்தேன். 4.13.

விடியும் முன்பு பின்படி வழியாக ஏறினேன்.
காவலாளி தூங்குவதுபோல் இருந்தார்.
காலை ஷிஃப்டுக்கு எழுந்துபோன ஸெலஸ்டினின் சூடு
என் விரிப்பில் இன்னும் அடங்கவில்லை.
அதன்மேலேயே படுத்தேன்.