கடைமடை டவர்

தலைஞாயிறு தாண்டி
ஜெகபர் வயலின் மூலையில் நிற்கிறது டவர்.
முதலில் வந்த கம்பெனி வைமாக்ஸ் மாட்டியது.
எதிர்காலம் இதுதான் என்று
எனக்கொரு தொப்பியும் தந்தது.

இரண்டே வருடம்.
எல்.டி.இ ஜெயித்துவிட்டதாம்.
போட்டி எங்கே நடந்தது, யார் பார்த்தார்கள்,
தெரியாது.
'பழசைக் கழற்ற வேண்டாம்,
இறக்குகூலி கட்டாது' என்றார்கள்.
அதன் முதுகில் கால்வைத்துத்தான்
புதியதை முடுக்கினேன்.

இப்போது ஃபைவ்ஜி.
மன்னார்குடி வந்தாயிற்று,
திருத்துறைப்பூண்டியில் ஒரே ஒரு தெரு.
சென்னை வரைபடத்தில்
நாங்கள் சாம்பல் நிறம்;
வருவாய் பார்த்துத்தான் வர்ணம்.

மேட்டூர் திறந்த சேதி மட்டும்
தண்ணீருக்குப் பதினைந்து நாள் முன்பே
வந்துவிடுகிறது.

கம்பெனிகள் இணைந்து
வாடகை நின்ற ஏழாம் மாதம்
ஜெகபர் கேட்டார்:
'ஜெனரேட்டர்ல டீசல் எவ்வளவு கெடக்கு?
நாத்து கருகுது.'

அன்று ராத்திரி கரண்ட் இல்லை.
வாய்க்கால் குட்டையில் அவர் இஞ்சின் தடதடக்க
ஆறு மணிநேரம் டவர் ஊமை.

பழுதுக் காரணம் என்ற கட்டத்தில்
'முறைப்பாசனம்' என்று தட்டினேன்.

சென்னையிலிருந்து கேள்வியே வரவில்லை.