மூன்று மூச்சு

முப்பத்தெட்டாயிரம் கேட்டார் அந்த அம்மாள்.
கப்பல் இஞ்சினியர் புருஷன் கொண்டுவந்த மஸ்தா,
எண்பத்தொன்றாம் வருஷத்து வண்டி.
தானே புயலில் கூரையும் பலாமரமும் மேலே விழுந்து
செம்மண்டலத்தில் அப்படியே கிடந்தது.
பின்சீட்டில் கீரிப்பிள்ளை குட்டி போட்டிருந்தது.
இருபத்தொன்பதுக்குப் படிந்தது,
மரம் வெட்டும் கூலி என்னுடையது.

எட்டிப் பார்த்த மெக்கானிக் எல்லாருக்கும் ஒரே கேள்வி:
"பிஸ்டன் எங்கப்பா?"
இல்லை. வால்வும் இல்லை.
மல்லாட்டைத் தோடு, ரெட்டைப் பருப்பு,
இடுப்பு சிறுத்தது.
அதற்குள் சீவிய நுங்கு மாதிரி
மூன்று மூலை இரும்பு
சுவரை விடாமல் உரசிக்கொண்டே சுழலும்.
அவ்வளவுதான் என்றேன்.
"அவ்வளவுதானா" என்று
ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் வண்டிக்கு.
முன்பக்கம் அமுதவல்லி, பின்பக்கம் நான்.
நடுவில் சந்தித்தால் வண்டியை விற்பது
என்று பேச்சு.

தரையை உப்புக்காற்று தின்றிருந்தது.
தகரம் வைத்து வெல்டடிக்கக் காசில்லை.
தேவனாம்பட்டினத்தில் போட் ஒட்டுகிற அஞ்சாப்புலி
மிச்சப் பிசினோடு ஞாயிற்றுக்கிழமை வந்தான்.
ஃபைபர் பாயை விரித்து, தடவி, அழுத்தி,
"இனிமே கெடிலத்துல வெள்ளம் வந்தா
ஓட்டிக்கிட்டே போ" என்றான்.
கூலி ஒரு கிலோ கறி,
எங்கள் ஐஸ் பேக்டரியில் பத்து பார் கடன்.
ரேடியேட்டர் ஒரு மினி டெம்போவினுடையது.
அது யாருடையது என்று கேட்கவில்லை.

மூலைக்கு ஒன்றாக ஆறு சீல்.
விரல் நீளம், தீக்குச்சித் தடிமன்.
ஜப்பானிலிருந்து வரவழைக்கும் விலையை எழுதினால்
நோட்டு கிழியும்.
பழசில் ஐந்து தேறியது.
ஆறாவதற்கு ஓ.டி. லேத்தில் கவுஸ் மொய்தீன்
ஒரு வார்ப்பிரும்புத் துண்டை
இரண்டு நாள் தேய்த்துக் கொடுத்தார்.
"இதுக்கு ரசீது மட்டும் கேக்காதே."
மூட்டும்போது நழுவாமலிருக்க வாஸ்லின்,
மகள் உதட்டுக்கு வாங்கியது.
மார்கழிதான் முடிந்துவிட்டதே.

ஷிப்ட் முடிந்து இரவு பதினொன்றரை.
பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால்
மூன்று முகமும் தனித்தனியாக மூச்சு விடும்,
புஸ், புஸ், புஸ்.
காதால் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்,
கருவி வாடகையே ஆயிரத்தைந்நூறு.
என் காது
அமோனியா கம்ப்ரஸர் பக்கத்தில்
பதினாறு வருஷம் நின்ற காது.
டாக்டர் சொன்னதை நான் வீட்டில் சொல்லவில்லை.

"சத்தம் எப்படி வருதுன்னு சொல்லு"
என்று சாவியைத் திருகினேன்.
அவள் வாயைத் திறக்கவில்லை.
ஜன்னல் வழியே கையை விட்டுத்
தோளில் தட்டினாள்.
தட், தட்,
அப்புறம் ஒன்றுமில்லை.
தட், தட்,
அப்புறம் ஒன்றுமில்லை.

எத்தனை நாளாகத் தெரியும் என்று
நான் கேட்கவில்லை.

முன்னறை சரி, பின்னறையில்தான் ஒரு முகம் செத்திருந்தது.
கவுஸ் பாய் சீல் இல்லை,
நான் தலைகீழாக வைத்த ஸ்பிரிங்.
மறுபடி பிரித்தேன்.
வாஸ்லின் தீர்ந்து நெய் போட்டேன்,
நோட்டின் முன்பக்கத்திலிருந்து.
விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது
தட், தட், தட்.
மூன்றாவது கொஞ்சம் மெல்ல.
அவள் மெல்லத் தட்டினாளா
வண்டியே அப்படியா, தெரியவில்லை.

முள்ளோடை தாண்டினால் பெட்ரோல் மலிவு.
போய்வரக் குடிப்பதைக் கழித்தால் நஷ்டம்தான்.
எண்ணெயையும் சேர்த்து எரிக்கும், அது அதன் சுபாவம்.
இருந்தாலும் போனோம்,
காதுக்கு எட்டாத வண்டியை
ஸ்டியரிங்கைப் பிடித்த உள்ளங்கையால் கேட்டுக்கொண்டு.

பெண்ணையாற்றுப் பாலத்தில்
இடது தோளில் ஒரே ஒரு தட்டு.
ஒதுங்கினேன்.
எங்கள் புகையைக் கிழித்துக்கொண்டு
பாண்டிச்சேரி பஸ் போயிற்று.