ஈரக் கழிவு

சின்னப்பாலத்திலிருந்து வேனில் போனோம்
ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசுக்கு.
பாசி எடுப்பது பெண்களின் உரிமை என்று
கத்திக் கத்தி
முதலில் கட்டியது என் தொண்டைதான்.
முகத்தில் வெளிச்சம் போதவில்லை,
இன்னொரு தடவை என்றார் கேமராக்காரர்.
இன்னொரு தடவை கத்தினோம்,
முன்னைவிடக் கோபமாக.

பெண்கள் யாரும் வரவில்லை.
அமாவாசை கழிந்து மூன்றாம் நாள்,
தீவுப் பக்கம் முங்கப் போயிருந்தார்கள்.

மறுவாரம் என் ஷெட்டில்
இருளாயி மூட்டையைத் தராசில் ஏற்றினாள்,
விரலில் சுற்றிய துணியைப்
பல்லால் அவிழ்த்தபடி.
பதினெட்டு கிலோ.
ஈரக் கழிவு மூன்று என்று எழுதி
கணக்குக்கு மேலே ஒரு பத்து ரூபாய் வைத்தேன்.
அந்தப் பத்து ரூபாயில்தான்
பல வருஷமாக
நான் நியாயஸ்தனாக இருந்து வருகிறேன்.

அதை மட்டும் தள்ளி வைத்தாள்.
"இது வேணாம்ணே,
கழிவைப் பார்த்து எழுதுங்க.
காஞ்ச பாசி. தொட்டுப் பாருங்க."

சுவரில் ஒட்டிய பேப்பரில்
என் வாய் திறந்தே இருந்தது.

தொட்டேன்.
அப்பளமாக நொறுங்கி
உள்ளங்கையெல்லாம் உப்பு.

மூன்றை அடித்துவிட்டு
இரண்டு என்று எழுதினேன்.