நூற்று ஒன்பது

மானூர் ரோட்டில்
மக்காச்சோளக் குடோனுக்குத் தளம்.
அடியில் கரிசல்.
சித்திரையில் கை நுழையப் பிளக்கும்,
ஐப்பசி மழைக்கு உப்பி
மேலே இருப்பதை நெட்டித் தள்ளும்.
பக்கத்து ரைஸ்மில் தரையில் ஒரு விரிசல்
வாசலில் புகுந்து
கொல்லைப்புறம் வெளியேறியிருந்தது.
அதை அளந்துவிட்டுத்தான் இங்கே வந்தேன்.

'கம்பி எங்கம்மா?'
என்றார் பால்வண்ண அண்ணாச்சி.
நாலடிக்கு ஒன்றாகப் பச்சை உறைக்குள்
கிரீஸ் பூசிய கேபிள்,
சுண்டுவிரல் பருமன்,
பந்தல்காரன் விட்டுப்போன கயிறு மாதிரிக் கிடந்தது.
'இத நம்பியா நான் மூட்டை அடுக்கணும்?'

கொத்தனாரிடம் ஐந்து செங்கல் வாங்கி
வரிசையாகச் சேர்த்து
இரண்டு முனையிலும் உள்ளங்கையால் நெருக்கித் தூக்கினேன்.
அடியில் தாங்க ஒன்றுமில்லை.
ஒரு கல்லும் விழவில்லை.
'கான்கிரீட்டுக்கு நெருக்கினால் பிடிக்கும் அண்ணாச்சி,
இழுத்தால்தான் விட்டுப்போகும்.
மண் இழுக்கும் முன்னே
நாம நெருக்கி வச்சிடுறோம்.'
அவர் கல்லைப் பார்க்கவில்லை,
நடுங்கத் தொடங்கிய என் மணிக்கட்டைப் பார்த்தார்.
'நீ எப்ப விடுவ?'
'நான் இப்பவே விட்டுடுவேன். அது விடாது.'

கான்கிரீட் போட்டது ராத்திரி.
மூன்றாவது லாரி
டிரம்மைச் சுற்றிக்கொண்டே நின்றது.
பி-நான்கு மூலைக்கு ஏழடி தள்ளி
யாரோ இழுத்துப் போன கம்பி முனை பட்டு
பதினேழாம் கேபிளின் உறை
விரல் நீளம் கிழிந்திருந்தது.
டேப் சுற்றினேன். ஒரு சுற்று.
இரண்டாம் சுற்றுக்குள் ஹாரன்.
'சரி, ஊத்து'
சொன்னது என் வாய்தான்.

ஆறாம் நாள் கியூப் உடைத்துப் பார்த்தோம்,
பலம் வந்திருந்தது.
மேலப்பாளையம் மைதீன் பிச்சை
ஜாக்கைத் தோளில் சுமந்து வந்தார்.
வெளியே நீட்டிய வாலில் நீலப் பெயின்ட் கோடு.
பம்ப் முனகும், முள் ஏறும்,
பதினாலு டன்னில் ஆப்பு உள்ளே போய்க் கவ்வும்.
கோடு எவ்வளவு நகர்ந்தது என்று நான் அளப்பேன்.
கணக்குப்படி நூற்று முப்பத்திரண்டு மில்லிமீட்டர்.
வந்தது நூற்று முப்பத்தொன்று,
நூற்று முப்பத்து மூன்று,
நூற்று முப்பது, முப்பது, முப்பத்தொன்று.
பதினேழு:
நூற்று ஒன்பது.

'முள்ளு சரியாத்தானே நிக்கி' என்றார் மைதீன்.
முள் இந்த முனையை மட்டும் சொல்லும்.
இழுப்பு அந்த முனைவரை போனதா என்பதைக்
கேபிள் நீண்ட நீளம்தான் சொல்லும்.
வழியில் எங்கோ சிமெண்ட் பால் புகுந்து
கேபிளைப் பிடித்து வைத்திருக்கிறது.
'இருபது மீட்டர்ல எங்கனன்னு தேட?'

பேனா எண்ணின் மேல் நின்றது.
நடுவில் இருக்கும் சுழியத்தை
இரண்டாக்க ஒரு வளைவு போதும்.
வாலை அறுத்துக் குழியை அடைத்துவிட்டால்
பதிவேட்டைத் தவிர சாட்சி கிடையாது.
பம்ப் சத்தம் நின்றுபோய்
ரோட்டில் பஸ் ஒன்று கியர் மாற்றுவது கேட்டது.

'எனக்குத் தெரியும்' என்றேன்.
ஏழடி நடந்து
சாக்பீஸால் வட்டம் போட்டேன்.

மைதீன் ஒன்றும் கேட்கவில்லை.
முதலில் கேபிளைத் தளர்த்தினார்.
அப்புறம் அரையடிக்குக் கொத்தினோம்.
கிரீஸில் சிமெண்ட் கல்லாகியிருந்தது.
பக்கத்தில் என் டேப்,
ஒற்றைச் சுற்று,
அன்றைக்கு ஒட்டியது போலவே.

மறுபடி இழுத்ததில் நூற்று இருபத்தெட்டு.
இரண்டு எண்ணையும் எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'உறைக் கிழிசல், ஊற்றுமுன் சரியாக ஒட்டவில்லை,
ஆ. செண்பகவல்லி.'
மேலதிகாரி இரண்டு நாள்
என்னோடு பேசவில்லை.

ஐப்பசியில் போய்ப் பார்த்தேன்.
கரிசல் உப்பி
வேலிக்கல் சாய்ந்து கிடந்தது.
உள்ளே தளம் ஒரே பலகையாக இருந்தது,
கொத்தி அடைத்த இடம் மட்டும் வெளிறிப்போய்.
ரேக் மாட்ட வந்த பையனின் டிரில்லைப் பிடுங்கி வைத்துக்கொண்டு
அண்ணாச்சி செங்கல் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.
மூன்றாவது கல் நழுவிக் காலருகே விழுந்தது.
'இது விழும்லே' என்றார்,
'அது விழாது.'