கிடங்கு

ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர்.
அதைத் தாண்டி ஓட்டக்கூடாது என்பது
கொடைக்கானல் வாடகை சைக்கிள்காரரின் சட்டம்.
ஜெசிந்தா ஆதார் அட்டையை அடகு வைத்தாள்,
நான் சிரித்து வைத்தேன்.
பத்தாவது நிமிடம் இரண்டு சைக்கிளும்
மன்னவனூர் திரும்பும் டெம்போவில்
காலிப் பூண்டுச் சாக்குகளின் மேல் மல்லாந்து கிடந்தன.

மன்னவன் ஊர் என்றால்
கோட்டை இருக்காதா டீச்சர் என்றாள்.
கோட்டை இருந்தால் அகழி இருக்கும்,
அகழி இருந்தால் முதலை இருக்கும்,
இலக்கணப்படி எல்லாம் இருக்கும் என்றேன்.
பூம்பாறை வளைவை ஒடித்துக்கொண்டே டிரைவர் சொன்னார்:
கோட்டை இருக்குங்க. ஈரோட்டுக்காரர் கட்டினது.
ஒரு நாளைக்கு எட்டாயிரம்.

மன்னவனூர் ஏரிக்கரையில் பாதை கிடையாது.
செம்மறிகள் நடந்து நடந்து
விட்டுப்போன ஒரு கோடு இருந்தது.
அதில் ஓட்டினோம்.
என் சைக்கிளில் பிரேக் இல்லை,
அவளுடையதில் மணி இல்லை.
நான் மணியடிக்க, அவள் நின்றாள்.
நான் நிற்கவில்லை.
பனி இறங்கி ஏரியைக் குறுக்கே அறுத்து
மேல்பாதியை எடுத்துக்கொண்டு போயிற்று.
எதிர்க்கரையில் யாரோ
கேரட் கழுவும் சத்தம் மட்டும் மிச்சம்.

கோட்டை இருந்தது.
சிமெண்டில் நான்கு கொத்தளம்,
ஒவ்வொன்றின் தலையிலும் கறுப்புத் தண்ணீர்த்தொட்டி.
சுற்றிலும் அகழி.
நிஜ அகழி:
எட்டடி அகலம், ஆள் உயரத்துக்கும் மேல் ஆழம்,
அடியில் மழைநீர், தலைப்பிரட்டை,
விருந்தாளி யாரோ அடித்துத் தொலைத்த இறகுப்பந்து.
குறுக்கே இரண்டு தைலமரக் கட்டைகள்.
ஆறு மணியானால் அவற்றை
உள்ளே இழுத்துப்போட்டு விடுவாராம்
காவலுக்கு இருக்கும் வேலப்பன்.

எந்த ராஜா படையெடுத்து வருகிறான் என்றேன்.
காட்டுமாடு, என்றார்.

அகழிக்குக் கிடங்கு என்றும் ஒரு பெயர்.
வகுப்பில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.
கிடங்கில் எத்தனை மூட்டை டீச்சர் என்பார்கள்.
முதலைகள் காவல் இருந்த சொல்லுக்குள்
இப்போது உருளைக்கிழங்கு முளைவிடுகிறது.

பின்பக்கம் போனபோதுதான் பார்த்தோம்.
ஒரு கரை உடைந்து, சரிந்து,
புல்கூட முளைத்திருந்தது.
போன ஐப்பசி மழையில் ஒரு சினைமாடு விழுந்ததாம்.
விடிந்தால் வருகிறோம் என்றார்களாம் வனத்துறையில்.
எதையும் தொடாதே என்றாராம் முதலாளி.
டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு
இரவெல்லாம் மண்வெட்டியால்
தான் காக்கும் கோட்டையைத் தானே உடைத்திருக்கிறார்.
அது மூச்சு விடும்போதெல்லாம்
முதுகு சுட்டுச்சு, என்றார்.

ஜெசிந்தா நர்ஸ்.
கேட்காமலே அவர் கையைத் திருப்பி
காய்ப்புகளை விரலால் எண்ணினாள்.
ஏறிப் போச்சா?
ஆமா, என்றார்.

அந்த மாட்டுக்குப்
பழம்பாட்டுகளில் அதே பெயர்.
ஆமா.
சொல்ல வாயெடுத்தேன்,
அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டதால்
விட்டுவிட்டேன்.

மூடச் சொல்லவில்லையா?
சொன்னார். மாசம் ஐநூறு பிடிக்கிறார்.
மூடலை.

ஆறு மணிக்குக் கட்டைகள் உள்ளே போயின.
முன்பக்கம் கோட்டை,
பின்பக்கம் மலை வந்து போகிற வழி.

இறங்கும் கேரட் லாரியில் இடம் பிடித்து
நாங்கள் திரும்பியபோது எட்டரை.
பாதி சாத்திய ஷட்டருக்கு வெளியே
குத்தவைத்திருந்தார் சைக்கிள்காரர்.
டயரில் விரலை ஓட்டினார்.
இந்த ஏரியைச் சுற்றி எங்கும் கிடைக்காத மண்,
இடுக்கில் ஒரு செம்மறிப் புழுக்கை.
அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

எத்தனை ரவுண்டு?

ஒண்ணுதான் அண்ணே, என்றாள் ஜெசிந்தா.
கொஞ்சம் பெருசு.