அலட்சியமாய் இரண்டு மடிப்பு

அளவுத்தாளில் பதினாலாவது வரி:
முழங்கைக்கு மேல் இரண்டு மடிப்பு,
அலட்சியமாய்ச் சுருட்டிவிட்டது போல.
இடக்கை மடிப்பு வலக்கையைவிட
ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும்.
கால் சென்டிமீட்டருக்கு மேல் பிசகக் கூடாது.

ஆறு சாம்பிள் திரும்பி வந்தன.
முதலாவது, ரொம்ப ஒழுங்கு.
மூன்றாவதில் அலட்சியம் போதவில்லை.
ஐந்தாவதில் கூடிப்போச்சாம்.
"அதெப்படிங் மேடம் தெக்கிறது,
கண்ண மூடிக்கிட்டா?" என்றார்
சாம்பிள் டெய்லர் நாச்சிமுத்து.
பிறகு உள்பக்கமாய்
வெளியே தெரியாத நாலு தையல் போட்டு
மடிப்பை அவிழாமல் நிறுத்தினார்.
ஏழாவதுக்குப் பாரிஸிலிருந்து பதில் வந்தது:
இப்போதுதான் தானாக விழுந்தது போலிருக்கிறது.

துணியும் அப்படித்தான்.
நெய்து ஒன்பதே நாளான நீலக் கோடுகளைக்
கல்லோடு போட்டு உருட்டினோம்.
பத்து வருசம் உடுத்திய வெளிறல்
நாற்பது நிமிசத்தில் வந்துவிட்டது.

பங்குனியில் எலோடி வந்தார்
கடைசிப் பரிசோதனைக்கு.
தேய்க்காத வெள்ளைச் சட்டை,
பென்சில் செருகிய கொண்டை,
கழுத்தில் கைக்குட்டை அளவில்
ஒரு பட்டுத்துணி, ஓரமாய் முடிந்தது.
"ஒண்ணுமே பண்ணிக்கலைங்க,
அப்படியே எந்திரிச்சு வந்த மாதிரி,
எவ்வளவு ஸ்டைல் பாருங்க" என்றாள்
கணக்குப் பிரிவு சிந்துஜா.

நான் வாயைத் திறக்கவில்லை.
அவிநாசி ரோடு ஓட்டலில்
காலை ஆறரைக்கு அவரை அழைக்கப் போனவள் நான்.
இரண்டு நிமிடம் என்றார்.
பாதி திறந்த கதவு வழியே
இஸ்திரிப்பெட்டி சீறும் சத்தம்.
கட்டிலில் கட்டிக் கட்டி வீசிய
நாலு பட்டுத்துணி.
ஏழேகாலுக்கு
அவசரமாய்க் கிளம்பியவர் போல வெளியே வந்தார்.

காரில் என் சேலையைத் தொட்டுப் பார்த்துக் கேட்டார்:
இவ்வளவு நீளத்தை எப்படி
இத்தனை சுலபமாய்ச் சுற்றிக்கொள்கிறீர்கள்?
அந்த நேரம் என் மேல் பதினோரு ஊக்கு.
பழகிப்போச்சுங்க, என்றேன்.

பேக்கிங் வாசலில் ஊக்குக்கு அனுமதியில்லை.
பதினொன்றையும் கழற்றி டப்பாவில் போட்டேன்.
மயிலாத்தா எண்ணி நோட்டில் எழுதினார்.
உள்ளே அத்தனை பெண்களும்
ஒரு ஊக்கும் இல்லாமல்
கோட்டுக்குள் முந்தானையை இறுக்கிக்கொண்டு
எட்டு மணி நேரம் நிற்கிறவர்கள்.
வந்த விருந்தாளியை யார் எண்ணுவது?

எலோடி குனிந்து இருபது உருப்படி பிரித்துப் பார்த்தார்.
கோடோடு கோடு சேர்கிறது, மடிப்பு பிரமாதம்.
திரும்ப மடித்து அனுப்பும்போது
ஊசி கண்டுபிடிக்கும் மெஷின் அலறியது.
சிவப்பு விளக்கு. பெல்ட் நின்றது.
கை மடிப்புக்குள்
கடுகு போல் தலை வைத்த பித்தளைப் பின்.

நாற்பது பேர் அப்படியே நின்றார்கள்.
தங்காயி கோட்டுப் பையை வெளியே இழுத்துக் காட்டினாள்,
யாரும் கேட்காமலே.
எலோடியின் கை கழுத்துக்குப் போனது.
ஓரத்து முடிச்சு
நெஞ்சுக்கு இறங்கியிருந்தது.

"என்னோடதுங்க" என்றேன்.
நாலாயிரத்து எண்ணூறு உருப்படி, ஆர்டர் பெரிசு.
வாசலிலிருந்து மயிலாத்தா சொன்னார்:
"மேடத்துது பதினொண்ணும்
இங்கதானுங்க இருக்குது."

கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் சுற்றியது.
பிறகு எலோடி துணியை அவிழ்த்தார்.
இன்னும் இரண்டு பின்னை எடுத்து
மேசையில் முதலாவதின் பக்கத்தில் வைத்தார்.
காது சிவந்திருந்தது.

தங்காயி எட்டிப் பார்த்தாள்.
"இத்தனூண்டு துணிக்கு மூணுங்களா?"
மொழிபெயர்க்கச் சொன்னார், மொழிபெயர்த்தேன்.
முதல்தரம் அவர் சத்தமாய்ச் சிரித்தது அப்போதுதான்.

நோட்டில் எழுதினேன்:
பின் மூன்று, பித்தளை, ஆள் தெரிந்தது.
பெல்ட் ஓட ஆரம்பித்தது.

சாயங்காலம் வெறும் கழுத்தோடு காரில் ஏறினார்.
சிந்துஜா ஜன்னலோரம் நின்று சொன்னாள்:
"அதையும் கழட்டி வீசிட்டாங்க பாருங்க.
இதெல்லாம் பொறப்புலயே வர்றதுங்க."