அ என்பவர், ஆ என்பவர்

அ என்பவர் தன் வீட்டை
ஆ என்பவருக்கு விற்க முன்வருகிறார்.
சட்டப் புத்தகத்தில் இவர்களுக்கு ஊர் கிடையாது,
ரேஷன் கார்டு கிடையாது.
நூற்றைம்பது வருஷமாக
வாங்குகிறார்கள், விற்கிறார்கள், ஏமாறுகிறார்கள்;
ஒரு வேளை சாப்பிட்டதாகக் கூட எழுதவில்லை.

மன்னார்குடி. பி.காம். இரண்டாம் ஆண்டு,
மதியச் சுற்று, நாலாவது மணி.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாமணி ஆறு
கலங்கலாகப் போகிறது.
பாதி வகுப்பு ஈரச் செருப்போடு.
முன்மொழிவு, ஏற்பு, மறுபயன் என்று எழுதினேன்.

விருந்துக்கு வா என்பது வெறும் உடன்பாடு,
வராவிட்டால் வழக்கு இல்லை.
சிரித்தார்கள்.
எல்லா வருஷமும் இதே இடத்தில் சிரிப்பார்கள்.

செங்கொடி கை தூக்கினாள்.
"அறுப்பு வண்டி வரேன்னு சொன்னா, மேம்?"

வியாழன் காலை ஏழு மணி என்று பேச்சு.
டயர் வண்டி இல்லை, செயின் வண்டி,
மணிக்கு இரண்டாயிரத்து எழுநூறு.
போனில்தான். முன்பணம் ஐந்நூறு ஜிபேயில்.
வண்டி வடுவூர்ப் பக்கம் திரும்பிவிட்டது,
அங்கே மூவாயிரத்து இருநூறாம்.
வெள்ளி விடியலில் பிடித்த மழை இன்னும் விடவில்லை.
ஒன்பது மா குறுவையும் படுத்துக்கிடக்கிறது.
கதிரிலேயே முளை விட்டதை
அப்பா படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.
"எனக்கு ஏன் அனுப்பினார்னு தெரியல, மேம்."

எழுத்து வேண்டாம், வாய்ச்சொல்லே போதும் என்றேன்.
பத்தாம் பிரிவு.
எழுபத்து மூன்று:
மீறலிலிருந்து இயல்பாக விளையும் நட்டம்.
விளையும் என்று எழுதிவிட்டுக்
கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தபடி நின்றேன்.

மழை இயல்பா, எதிர்பாராததா?
"ஐப்பசியிலயா?" என்றான் முன்வரிசை ரிஃபாய்.

கணக்கென்றால் வணிகவியல் விழித்துக்கொள்ளும்.
மூன்று ஏக்கர், ஏக்கருக்கு இத்தனை மூட்டை,
கொள்முதல் நிலையத்து விலை,
கொடுக்காமல் மிச்சமான வண்டி வாடகையைக் கழி
என்று யாரோ நினைவுபடுத்தினார்கள்.
ஒரு தொகை வந்தது. சுற்றிச் சதுரம் போட்டேன்.
கோர்ட் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான் என்றேன்.
எத்தனை வருஷ நடை என்று சொல்லவில்லை.

வழக்கு யார் மேல்?
"பேர் தெரியாது. ஆத்தூர் வண்டி.
புரோக்கர் பிடிச்சுக் கொடுத்தது."

கடைசி பெஞ்சில் வைரவேல் நோட்டைத் திறந்தான்.
அவன் அப்பாவின் கார்டு என் கைப்பையிலும் இருக்கிறது:
அறுவடை இயந்திரம், வைக்கோல் கட்டும் இயந்திரம், லாரி.
பொங்கலன்று துறைக்கே கொடுத்தான்.

முகமை அடுத்த அலகு. நான் நடத்தவில்லை,
அவன் வாசித்திருக்கிறான்.
எழுந்து, யாரையும் பார்க்காமல் கேட்டான்:
"முகவருக்குப் பொறுப்பு இல்லைதானே, மேம்?
முதல்வருக்காகத்தானே செய்யறார்?"
முதல்வர் என்றதும் இரண்டு பேர்
கல்லூரி முதல்வர் அறைப் பக்கம் பார்த்துச் சிரித்தார்கள்.

ஆமாம் என்று முடித்திருக்கலாம்.
பொது விதி அதுதான்; மணியடிக்க நாலு நிமிஷம்.
இருநூற்று முப்பதாம் பிரிவை வாசித்தேன்,
'ஆனால்' வரைக்கும், அதற்கு அப்பாலும்.
இன்னாருக்காக என்று பெயர் சொல்லாத முகவர்
தானே கட்டுப்பட்டவராகக் கொள்ளப்படுவார்.

அவன் எழுதிக்கொண்டான்.
மெதுவாகச் சொல்லச் சொல்லி மறுபடியும் எழுதினான்.
செங்கொடி திரும்பவில்லை.
இரண்டு பேருக்கும் ஒரே டவுன் பஸ்.

உள்மதிப்பீட்டுத் தேர்வு, பதினோராம் கேள்வி:
முகவரின் பொறுப்பை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
வைரவேல் எழுதியிருந்தான்:
'அ என்பவர் புரோக்கர். ஆ என்பவர் விவசாயி.
ஞாயிற்றுக்கிழமை அ, ஆ வீட்டுக்குப் போனார்.
ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தார்.
மீதி பேச்சில் இருக்கிறது.
சாப்பிடச் சொன்னார்கள்.
அ டீ மட்டும் குடித்தார்.'

பிரிவு எண் எழுதவில்லை.
ஐந்துக்கு மூன்றரை.